லினக்ஸ் அஞ்சற் செயலியும் எக்ஸ்சேஞ்ச் வழங்கியும்

பெருநிறுவனம் ஒன்றிற் புதிதாகப் பணியேற்கும் ஒருவர்க்கு முதல் நாளிலேயே மூன்று பொருள்கள் அளிக்கப்பெறுகின்றன. ஒன்று, மின்னஞ்சல் முகவரி. மற்றொன்று, நிறுவனத்தார் அனைவருடைய பெயர்களும் அடங்கிய முகவரிப் புத்தகம். பிறிதொன்று, கூட்டங்களின் நாளையும் நேரத்தையும் காட்டும் நாட்காட்டி. இம்மூன்றும் ஒரே கணினியில் வைத்துக் காக்கப்பெறும். அக்கணினியைச் சர்வர் என்றும் வழங்கி என்றும் கூறுவர். பல நிறுவனங்களில் அவ்வழங்கியில் இயங்குவது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரின் எக்ஸ்சேஞ்ச் என்னும் மென்பொருளாகும்.

பணியாளரின் மேசைக் கணினி அந்நிறுவனத்தாரின் விண்டோஸ் முறைமையில் இயங்குமாயின் தொல்லை ஒன்றுமில்லை. அவுட்லுக் என்னும் செயலி மூன்று பொருள்களையும் ஒருங்கே கொணர்ந்து முன்வைக்கும். அவர் லினக்ஸ் முறைமையைக் கையாள்பவராயின் யாது நேரும்? கடிதம் ஒருவாறு வந்து சேரும், நாட்காட்டி வாராது. பத்து மணிக்கு நிகழவிருந்த கூட்டம் ஒன்பது மணிக்கு மாற்றப்பெற்றதை ஏனையோர் அறிவர், இவர் அறியார். கூட்டம் முடிந்தபின் இவர் சென்று நிற்பார். இவ்வாறு இரண்டு மூன்று முறை நிகழின், 'எல்லோரும் கையாளும் கருவியை நீர் மட்டும் ஏன் கையாளவில்லை?' என்னும் வினா எழும். அவ்வினாவுக்கு விடை கூறவியலாமல் தாம் விரும்பிப் பயின்ற கருவியைக் கைவிட்டோர் பலர்.

இவ்விடர் எதனால் நேர்கிறது, எவ்வாறு நீங்கும் என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ் பயிலும் மாணவராகிய யாம் கணினிப் பொருளை ஏன் எடுத்துக்கொண்டோம் எனச் சிலர் ஐயுறலாம். பொறிகள் இரண்டும் பழுதின்றி இயங்குகையிலும் இவ்விடர் நேர்கின்றது. ஏனெனின் ஒன்றன் மொழியை மற்றொன்று அறியாது. மொழி பயில்வார்க்கு இஃது அயலான பொருள் அன்று என்பதே எம் விடை.

இருவேறு பிறப்பு

முதற்கண் இவ்விரண்டன் பிறப்பையும் அறிதல் நலம். லினக்ஸ் 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகரிலே பிறந்தது. அதனைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்பொழுது பல்கலைக் கழக மாணவர், வயது 21. தாம் எழுதிய நிரலை அவர் யாவரும் காணவும் திருத்தவும் பகிரவும் விட்டார். இன்று உலகெங்குமுள்ள பல்லாயிரவர் கை அதிற் பட்டுள்ளது. எக்ஸ்சேஞ்ச் வழங்கியோ 1996-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரால் விலைப் பொருளாக வெளியிடப்பெற்றது. அதன் நிரல் அந்நிறுவனத்தார்க்கே உரியது, பிறர் காண்பதற்கில்லை. விலைப் பொருளாயிருத்தல் குற்றம் என்று யாம் கூறுகின்றிலம். திறந்த வீட்டிற் பிறந்த ஒன்றும் அடைத்த வீட்டிற் பிறந்த மற்றொன்றும் ஓரிடத்திற் கூடிப் பணி செய்யவேண்டியுள்ளன என்பதனையே ஈண்டுக் குறிக்கின்றோம்.

கடிதத்தின் மொழி

கடிதம் மட்டும் தடையின்றி வருவது ஏன்? கணினிகள் கடிதம் அனுப்புவதற்குரிய நெறிமுறை 1982-ஆம் ஆண்டிலேயே வரையறுக்கப்பட்டது. எஸ்.எம்.டி.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். வழங்கியில் உள்ள கடிதங்களை அங்கு வைத்தபடியே படிப்பதற்குரிய ஐமேப் என்னும் நெறிமுறை, 1986-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் உருவாகத் தொடங்கிற்று. இவ்விரண்டும் எவருடைய தனிச் சொத்தும் அல்ல. இவற்றின் விதிகள் அனைத்தும் அச்சிட்ட இலக்கண நூல்போல வெளிப்படையானவை. எவரும் படிக்கலாம், படித்தவாறே செயலி எழுதலாம். ஆதலின் கடிதம் எந்தப் பொறியிலிருந்து புறப்பட்டாலும் எந்தப் பொறியையும் சென்றடைகின்றது.

எக்ஸ்சேஞ்ச் வழங்கியும் ஐமேப் மொழியை அறியும். ஆயினும் பிற்காலப் பதிப்புகளில் அவ்வாயில் இயல்பாக அடைத்தே வைக்கப்பெறுகின்றது. நிருவாகி விரும்பினால்தான் திறப்பார். திறந்தாலும் அதன்வழி வருவது கடிதம் ஒன்றே. நாட்காட்டியையும் முகவரிப் புத்தகத்தையும் கொண்டுவரும் சொற்கள் ஐமேப் மொழியில் இல்லை.

நாட்காட்டியின் மொழி

நாட்காட்டிக்கு மட்டும் பொது மொழி இல்லையோ எனின், உண்டு. ஆனால் அது காலந்தாழ்ந்து வந்தது. ஐகேலண்டர் என்னும் எழுத்து முறை 1998-ஆம் ஆண்டிலும், அதனை வழங்கியோடு பரிமாறும் கேல்டாவ் என்னும் நெறிமுறை 2007-ஆம் ஆண்டிலும் வரையறுக்கப்பட்டன. எக்ஸ்சேஞ்ச் அவற்றுக்கு முற்பட்டது. ஆகவே அது தன் வீட்டுக்கென மேப்பி என்னும் மொழி ஒன்றை வைத்துக்கொண்டது. பிறப்பின்போது பொது இலக்கணம் இல்லாமையால் இதனை முழுக்குற்றமாகக் கொள்ளுதல் நேர்மையன்று. ஆயினும் பொது இலக்கணம் தோன்றிய பின்னும் எக்ஸ்சேஞ்ச் கேல்டாவ் மொழியைக் கற்றுக்கொள்ளவில்லை.

நாட்காட்டியை மொழிபெயர்த்தல் கடிதத்தை மொழிபெயர்ப்பதுபோல் எளிதன்று. கடிதம் ஒருமுறை எழுதி முடிந்த பொருள். நாட்காட்டிக் குறிப்போ நாள்தோறும் மாறுவது. 'ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பத்து மணிக்கு. ஆயின் மூன்றாம் வாரம் மட்டும் பதினொரு மணிக்கு. இறுதி வாரம் கூட்டம் இல்லை' என ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம். பொதுவிதி ஒன்று, அதற்குப் புறனடை இரண்டு. இலக்கணம் பயின்றோர்க்கு இஃது எளிதில் விளங்கும். பொதுவிதியை மொழிபெயர்த்துப் புறனடையை விட்டுவிட்டால் பொருள் கெடும். பணியாளர் ஆளில்லாத அறையிற் சென்று அமர்வார்.

நேரத்தின் பெயரும் இவ்வாறே இடர் விளைக்கின்றது. நம் நாட்டு நேரத்தை எக்ஸ்சேஞ்ச் 'இந்தியா ஸ்டாண்டர்டு டைம்' என எழுதும். லினக்ஸ் 'ஏசியா/கொல்கத்தா' என எழுதும். ஹெல்சிங்கி நகரத்து நேரத்தை எக்ஸ்சேஞ்ச் 'எஃப்.எல்.இ. ஸ்டாண்டர்டு டைம்' என்னும். லினக்ஸ் 'யூரோப்/ஹெல்சிங்கி' என்னும். ஒரு பொருட்குரிய இவ்விரு பெயர்களையும் இணைத்துக் காட்டும் அட்டவணை ஒன்றை யூனிகோடு கூட்டமைப்பார் தொகுத்து வருகின்றனர். மொழிபெயர்க்கும் செயலி அப்பெயரைப் பிழைபட உணர்ந்தால், நேரக் கணக்கே மாறுபடும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் நேரம் ஒன்றாகவே இருத்தலின் இப்பிழை மிகுதியாய்த் தோன்றாது. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தும் பின்லாந்து போன்ற நாடுகளிலோ, மார்ச்சு மாத இறுதியில் கூட்டங்கள் யாவும் ஒரு மணி நேரம் பிறழ்ந்து நிற்கக்கூடும்.

துபாஷிகளின் வரலாறு

இரு மொழியாளர் கூடிப் பணி செய்யுமிடத்து இருமொழியும் வல்லான் ஒருவன் இடைநிற்றல் வேண்டும். கும்பினியார் காலத்தில் அத்தகையோரைத் துபாஷி என்றழைத்தனர். புதுச்சேரியில் துய்ப்ளே துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாய் விளங்கியதை அவர்தம் நாட்குறிப்பால் நாம் அறிவோம். லினக்ஸுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே நின்ற துபாஷிகள் ஒருவர் அல்லர், பலர். அவர் வரலாறு ஏறக்குறைய கால் நூற்றாண்டினது.

லினக்ஸில் இயங்கும் அஞ்சற் செயலிகளுள் எவல்யூஷன் என்பது ஒன்று. கடிதம், நாட்காட்டி, முகவரி, செய்பணிப் பட்டியல் ஆகிய நான்கையும் ஓரிடத்திற் காட்டுவது அது. மிகேல் தெ இகாஸா, நாட் ஃப்ரீட்மன் ஆகிய இருவர் 1999-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிற் தொடங்கிய நிறுவனம் அதனை உருவாக்கிற்று. பின்னர் ஸிமியன் எனப் பெயர்பெற்ற அந்நிறுவனம், 2001 டிசம்பரில் எவல்யூஷனின் முதற் பதிப்பை இலவசமாக வெளியிட்டது. எக்ஸ்சேஞ்சோடு பேசும் துபாஷியை மட்டும் தனியே விலைக்கு விற்றது. ஒருவர்க்குரிய விலை 69 டாலர். எக்ஸ்சேஞ்ச் 2000 பதிப்பில் வலை உலாவி வழியாக அஞ்சலைப் பார்ப்பதற்கு வெப்டாவ் என்னும் வாயில் ஒன்று இருந்தது. முதல் துபாஷி அவ்வாயிலிற் புகுந்தே உள்ளிருந்த பொருள்களைக் கொணர்ந்தான்.

2003-ஆம் ஆண்டில் நோவெல் நிறுவனம் ஸிமியனை வாங்கிற்று. அடுத்த ஆண்டிலே அத்துபாஷியின் நிரலையும் கட்டற்ற மென்பொருளாக யாவர்க்கும் வழங்கிற்று. இனி இடரில்லை எனப் பலரும் எண்ணினர். ஆயின் வீட்டுக்காரர் வாயிலை மாற்றினார். எக்ஸ்சேஞ்ச் 2007 பதிப்பில் புதிய வாயில் ஒன்று அமைந்தது; 2010 பதிப்பில் வெப்டாவ் வாயில் முற்றும் நீக்கப்பெற்றது. பழைய துபாஷி பேசிய மொழியைக் கேட்பார் உள்ளே ஒருவருமில்லை.

இதற்கிடையே 2008-ஆம் ஆண்டில் குறிப்பிடத்தக்கதொரு மாற்றம் நேர்ந்தது. தம் முதன்மையான மென்பொருள்கள் பிறவற்றோடு பேசும் நெறிமுறைகளை எழுதி வெளியிடுவதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் அறிவித்தனர். எக்ஸ்சேஞ்சின் நெறிமுறைகளும் அவற்றுள் அடங்கின. அதுகாறும் ஓப்பன்சேஞ்ச் என்னும் குழுவினர், இரு பொறிகள் பேசுவதை ஒட்டுக்கேட்டு, எவ்வொலிக்கு எப்பொருள் எனத் தாமே உய்த்துணர்ந்து மேப்பி மொழியைக் கற்றுவந்தனர். கல்வெட்டு எழுத்தைப் படித்தறிவாரின் உழைப்புக்கு நிகரான உழைப்பு அது. அதன் பயனாக 2009-ஆம் ஆண்டில் எவல்யூஷன் மேப்பி மொழியைப் பேசத் தொடங்கிற்று. பெங்களூரிலிருந்த நோவெல் பணியாளர் அப்பணியிற் பெரும்பங்கு கொண்டனர். எனினும் மேப்பி மிகச் சிக்கலான மொழி. ஓப்பன்சேஞ்ச் குழுவின் பணியும் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது.

மூன்றாம் துபாஷி 2011-ஆம் ஆண்டில் வந்தான். எக்ஸ்சேஞ்ச் 2007 பதிப்பில் அமைந்ததாக மேற்கூறிய புதிய வாயிலின் பெயர் எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸ், சுருக்கமாக இ.டபிள்யூ.எஸ். என்பர். வலைத்தளங்கள் திறக்கும் அதே 443-ஆம் வாயில் எண்வழி, எக்ஸ்.எம்.எல். என்னும் எழுத்து முறையில், வினாவும் விடையுமாக அது பேசும். அதன் இலக்கணம் வெளியிடப்பட்டது. அவுட்லுக் அன்றிப் பிற செயலிகளும் வந்து பேசுவதற்கென்றே அமைந்தமையால், முன்னிருவரினும் இத்துபாஷி நெடுங்காலம் நிலைத்தான்.

இணைக்கும் முறை

இனி, எவல்யூஷனை எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, எவல்யூஷனோடு 'எவல்யூஷன்-இ.டபிள்யூ.எஸ்.' என்னும் தனிப்பொதியையும் நிறுவுதல் வேண்டும். உபுண்டு, டெபியன், ஃபெடோரா முதலிய வெளியீடுகளின் களஞ்சியங்களில் அப்பொதி உண்டு. அதனை நிறுவாதோர் கணக்கு அமைக்கும் பக்கத்தில் எக்ஸ்சேஞ்சின் பெயரையே காணாது திகைப்பர். நிறுவியபின் செயலியை மூடித் திறந்தால் மட்டும் போதாது. நாட்காட்டியையும் முகவரிகளையும் பேணும் பணியாள் நிரல் ஒன்று பின்னணியில் ஓயாது இயங்குகின்றது. அதுவும் மீண்டும் தொடங்கவேண்டும். கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குதல் எளிய வழி.

இரண்டாவது, புதிய அஞ்சற் கணக்கு அமைக்கும் பக்கத்தில் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதி, அஞ்சல் பெறும் வகையாக எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸ் என்பதனைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். பயனர் பெயர் சில நிறுவனங்களில் மின்னஞ்சல் முகவரியாகவே இருக்கும். சிலவற்றில் நிறுவனத்தின் களப்பெயரும் ஒரு சாய்கோடும் ஆளின் குறும்பெயருமாக இருக்கும். இதனை அலுவலகத்தாரிடம் முன்னரே கேட்டறிதல் நலம்.

மூன்றாவது, வழங்கியின் முகவரி. இதனை மனப்பாடம் செய்யவேண்டுவதில்லை. எக்ஸ்சேஞ்சில் ஆட்டோடிஸ்கவர் என்னும் ஏற்பாடு ஒன்று உண்டு. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், 'உம் பொருள்கள் இன்ன இடத்தில் உள்ளன' என்று அது விடை கூறும். முகவரியைக் கண்டறியுமாறு எவல்யூஷனிற் பணித்தால் அவ்விடை தானே வந்து நிரம்பும். அவ்வேற்பாடு செவ்வனே அமையாத இடங்களில் நிருவாகியிடம் முழு முகவரியைப் பெற்று எழுதுதல் வேண்டும்.

நான்காவது, தன்னை இன்னான் என்று மெய்ப்பிக்கும் முறை. நிறுவனம் தன் வளாகத்திலேயே வழங்கியை வைத்திருப்பின், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் எளிய முறையோ, என்.டி.எல்.எம்., கெர்பரோஸ் என்னும் முறைகளோ அமைந்திருக்கும். வழங்கி ஏற்பது எம்முறை என்பதை எவல்யூஷனே கேட்டறிந்து காட்டும்.

இந்நான்கும் செவ்வனே அமையின், கடிதங்கள் ஒருபுறமும் நாட்காட்டி மறுபுறமும் தோன்றும். அஞ்சல் அனுப்புதற்கு வேறு வழங்கி குறிக்கவேண்டுவதில்லை. அதே வாயில்வழிக் கடிதம் புறப்படும். நிறுவனத்தின் முகவரிப் புத்தகத்தின் படி ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டால், இணையத் தொடர்பு அற்ற போதும் பெயர்களைத் தேடலாம். உடன் பணியாற்றுவோர் தம் நாட்காட்டியைப் பகிர்ந்திருப்பின் அதனையும் சேர்த்துக் காணலாம்.

வாயிற் காவல்

இக்காலத்து நிறுவனங்கள் பல, வழங்கியைத் தம் வளாகத்தில் வையாது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரின் பொறிகளிலேயே வாடகைக்கு வைக்கின்றன. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் என்பது அவ்வேற்பாடு. அங்குப் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொண்டு நுழையும் பழைய முறையை 2022 அக்டோபர் முதல் அவர்கள் அடைக்கத் தொடங்கினர். திருடப்பட்ட கடவுச்சொற்களால் நேர்ந்த கேடுகளே அதற்குக் காரணம். அதனிடத்தில் வந்தது ஓஆத் என்னும் முறை.

இம்முறையிற் செயலியானது நம் கடவுச்சொல்லைக் காண்பதில்லை. நிறுவனத்தின் நுழைவுப் பக்கம் சாளரமொன்றில் திறக்கும்; கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் உறுதிக் குறியையும் அங்கேயே அளிக்கின்றோம். உடனே செயலிக்கு நுழைவுச் சீட்டு ஒன்று வழங்கப்பெறும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது காலாவதியாகும். செயலி புதுச்சீட்டைத் தானே பெற்றுக்கொள்ளும். விருந்தினனிடம் வீட்டுத் திறவுகோலைக் கொடாது, ஓர் அறைக்குச் செல்லும் சீட்டை மட்டும் கொடுத்தல் போன்றது இது.

முறை நல்லதே. ஆயின் ஈண்டுப் புதியதோர் இடர் முளைத்தது. செயலியும் தன்னை இன்னதென்று பதிவு செய்துகொண்ட அடையாள எண் உடையதாதல் வேண்டும். பல நிறுவனங்களில் நிருவாகி அவ்வெண்ணை ஒப்பினாலன்றி நுழைவில்லை. மொழியறிந்த துபாஷியும் வாயிற் காவலன் இசைவின்றி உள்ளே செல்லவியலாது. முன்னர் அறியாமை தடையாயிருந்தது. இப்பொழுது அனுமதி தடையாயிற்று. இத்தடையை நீக்குவது நிரல் அன்று. நிருவாகிக்கு எழுதும் பணிவான கடிதமே. இச்செயலி யாது, எப்பொருளுக்கு அனுமதி வேண்டும், அதனாற் பாதுகாப்புக்குக் குறைவில்லை என்பது எங்ஙனம் என விளக்கி எழுதின், இசைவோர் உண்டு.

பிற வழிகள்

எவல்யூஷனை விரும்பாதார்க்கு வேறு வழிகளும் உண்டு. டாவ்மெயில் என்னும் கட்டற்ற மென்பொருள் நம் கணினியிலேயே இருந்துகொண்டு, ஒருபுறம் எக்ஸ்சேஞ்சின் மொழியையும் மறுபுறம் ஐமேப், கேல்டாவ் முதலிய பொது மொழிகளையும் பேசும். அதனால் பொது மொழி அறிந்த எந்தச் செயலியும் அதனிடம் பேசிப் பயன் பெறலாம். ஐமேப் மொழிக்கு 1143, கேல்டாவ் மொழிக்கு 1080 என அதற்கெனத் தனி எண்கள் உள்ளன. அதனைத் தம் கணினிக்குள் மட்டுமே கேட்குமாறு அமைத்தல் வேண்டும். பிறர் பொறிகளுக்குத் திறந்துவிடுதல் தகாது.

தண்டர்பேர்டு என்னும் புகழ்பெற்ற செயலி நெடுங்காலம் எக்ஸ்சேஞ்ச் மொழியைத் தானாகப் பேசாதிருந்தது. 2025 நவம்பரில் வெளிவந்த பதிப்பு முதல் அஞ்சலுக்கு மட்டும் அது பேசத் தொடங்கிற்று. இவை யாதும் இயலாவிடின், வலை உலாவியில் நிறுவனத்தின் அஞ்சற் பக்கத்தைத் திறந்து காண்பது இறுதி வழி.

ஒரு வழியை மட்டும் யாம் விலக்குவோம். அலுவலகக் கடிதங்கள் அனைத்தையும் தம் சொந்த முகவரிக்குத் தானே செல்லுமாறு திருப்பிவிட்டு, அங்கிருந்து படிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. கடிதம் அலுவலகத்துடையது, அதிற் பிறர் மந்தணமும் அடங்கும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வேண்டுவோர் நம்பிக்கையைக் காக்கும் கடமையையும் ஏற்றல் வேண்டும்.

எஞ்சும் குறைகள்

இணைத்தபின்னும் சில குறைகள் தோன்றக்கூடும். அவுட்லுக்கிலிருந்து வரும் சில கடிதங்களில் இணைப்புக் கோப்புகள் காணப்பெறாது, 'வின்மெயில்.டாட்' என்னும் ஒரே கோப்பு மட்டும் நிற்கும். டி.என்.இ.எஃப். என்னும் தனிக்கட்டுக்குள் அவ்விணைப்புகள் பொதியப்பட்டிருப்பதே காரணம். அக்கட்டை அவிழ்க்கும் துணைநிரல் எவல்யூஷனுக்கு உண்டு. கூட்ட நேரம் ஒரு மணி பிறழ்ந்து காட்டுமாயின், நேர மண்டலத்தின் பெயரை இருபுறத்தும் ஒப்பிட்டு நோக்குக. புதிதாகச் சேர்ந்தார் பெயர் முகவரிப் புத்தகத்திற் காணவில்லையெனின், இறக்கி வைத்த படி பழையதாயிருத்தல் கூடும், அதனைப் புதுப்பிக்குக. நாட்காட்டியின் பிழை, கூட்டத்திற்குச் செல்லத் தவறிய பின்னரே பெரும்பாலும் வெளிப்படும் என்பதனை நினைவிற் கொண்டு, முதல் வாரத்தில் வலை உலாவியிலுள்ள நாட்காட்டியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுதல் அறிவுடைமை.

முடிவுரை

இ.டபிள்யூ.எஸ். வாயிலும் நிலையானதன்று. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அதனை 2026 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்குவதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2023-ஆம் ஆண்டில் அறிவித்தனர். இனிப் பேசவேண்டிய மொழி கிராஃப் என்பது அவர்தம் கட்டளை. எவல்யூஷனை ஆக்குவோரும் அம்மொழியைத் தம் பொதியிற் சேர்த்து வருகின்றனர். வெப்டாவ், மேப்பி, இ.டபிள்யூ.எஸ்., கிராஃப் என நான்கு மொழிகளை இத்துபாஷிகள் அடுத்தடுத்துக் கற்கவேண்டியதாயிற்று. அதே காலத்தில் கடிதத்தின் பொது மொழி அடிப்படையில் மாறவேயில்லை. 1982-ஆம் ஆண்டில் வகுத்த இலக்கணத்தின் வழிவந்த மொழியிலேயே இன்றும் உலகத்துக் கடிதங்கள் செல்கின்றன. பலர் கூடி வகுத்துப் பொதுவில் வைத்த இலக்கணத்தை ஒருவர் தம் விருப்பப்படி மாற்றுதல் இயலாமையே அதன் காரணம்.

துபாஷிகளை நாடாது வீட்டையே மாற்றிய அரசும் உண்டு. ஜெர்மனி நாட்டு ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தார், எக்ஸ்சேஞ்சையும் அவுட்லுக்கையும் விடுத்து, 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சற் பெட்டிகளை ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் என்னும் வேறொரு வழங்கிக்கும் தண்டர்பேர்டு செயலிக்கும் மாற்றும் பணியை 2025 அக்டோபரில் முடித்தனர். அஃது எல்லா நிறுவனத்தார்க்கும் இயல்வதன்று. இயலாத இடங்களில் ஒற்றைப் பணியாளர் தம் கருவியை இழவாமல் தம் அலுவலையும் பிழையாமல் வாழ்வதற்குத் துபாஷிகளின் உழைப்பே துணையாகின்றது. அவருட் சிலர் ஊதியம் பெற்றோர். பலர் ஊதியமின்றி உழைத்தோர். அவர்தம் பெயரைச் செயலியின் அறிமுகப் பக்கத்திலன்றி வேறெங்கும் காண்பதரிது.

நண்பர்களே, நம்மில் மிகப் பலர் சில ஆண்டுகளில் ஏதேனும் ஓர் அலுவலகத்திற் புகுவோம். சிலர் அவ்வலுவலகத்திற்கு எவ்வழங்கியை வாங்குவது எனத் தீர்மானிக்கும் இடத்திலும் அமரக்கூடும். அன்று விலையையும் வசதியையும் கேட்பதோடு, 'இது பேசும் மொழி யாது? அதன் இலக்கணம் பொதுவில் உள்ளதா? நாளை வேறு கருவியோடு வருபவர்க்கும் இது வாயில் திறக்குமா?' என்னும் வினாக்களையும் சேர்த்துக் கேட்போமாக. அவ்வினாக்களை அன்றே கேட்டிருப்பின், கூட்ட நேரம் மாறியதறியாது வாயிலில் நிற்கும் பணியாளர் அவ்வலுவலகத்தில் ஒருவரும் இரார்.